டிராகன் குஞ்சுகள் வாழும் மண்டபம்

ஸ்லொவேனியா நாட்டிலுள்ள போஸ்தொய்னா குகைக்குள் டிசம்பர் கடைசியில் போகிறவர்கள் ரயிலேறித்தான் போகிறார்கள். சிறிய திறந்த பெட்டிகள் கொண்ட அந்த ரயில் மலையின் வயிற்றுக்குள் சில கிலோமீட்டர் தூரத்துக்கு ஓடுகிறது. இறங்கி நடந்தால் கல் விழுதுகள் தொங்கும் கூடங்களில் இயேசு பிறப்பின் காட்சிகளை மனிதர்கள் நடித்துக் காட்டுகிறார்கள். வெளியே பனி கொட்டும் நாளிலும் உள்ளே வெப்பநிலை சுமார் 10 டிகிரி செல்சியஸ்தான். குகையின் பெரிய கூடத்துக்குக் கச்சேரிக் கூடம் என்று பெயர். உயரம் 40 மீட்டர். 10,000 பேர் வரை நிற்க இடமுண்டு என்கிறார்கள்.

மலைக்குள் கூடிக் கொண்டாடும் ஆசை ஐரோப்பியர்களுக்குப் பழையது. குள்ளர்கள் பொன் தட்டும் பட்டறை, டிராகன் காவல் காக்கும் புதையல், மனிதர் கண்ணுக்குத் தட்டுப்படாத தேவதைகளின் அரண்மனை என்று அவர்களுடைய மாயக்கதைகள் பலவும் குகைகளில் நடக்கின்றன. அந்தக் கதைகளின் உடை உடுத்தி, விளக்கு வைத்து, பாட்டும் கூத்துமாக ஒரு ஃபேன்டஸி திருவிழா எடுக்க வேண்டுமென்றால் முதலில் நினைவுக்கு வரும் மேடை குகைதான். பார்க்கிறவர்களுக்கு அது இலவசமாகக் கிடைத்த அரங்கம். ஆனால் ஒரு மாலை நேரத்துக்கு அந்த அரங்கம் என்ன விலை கொடுக்கிறது? வேதியியலும் காற்றோட்டமும் உயிரியலும் சேர்ந்த கணக்கு அது. அந்தக் கணக்கைப் போடாமல் விளக்கேற்றிய இடங்களில் நடந்ததைப் பின்னால் பார்ப்போம்.

எல்லாக் குகையும் ஒன்றல்ல என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஜெர்மனியின் சவர்லாண்ட் பகுதியில் பால்வே என்ற சிற்றூர் இருக்கிறது. ஊரை ஒட்டிய மலையில் ஒரு குகை, கோபுரவாசல் போல வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. நியாண்டர்தால் மனிதர்கள் செய்த கல்கத்திகள் அங்கே ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் உழவர்கள் குகைக்குள் படிந்திருந்த மண்ணை வயலுக்கு உரமாக வாரிக்கொண்டு போனார்கள். எத்தனையோ ஆயிரம் ஆண்டுச் சான்றுகள் அப்படிப் பயிர்களின் வேரில் போய்ச் சேர்ந்தன. நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது. ஆனால் அந்த மண் போன பிறகு மிஞ்சியது பரந்த வெறும் மண்டபம். இன்று அங்கே இசைவிழா நடக்கிறது, நாடகம் நடக்கிறது, குழந்தைகளுக்கான தேவதைக்கதை நாடகங்களும் நடக்கின்றன. மாயக் கொல்லன் வீலாண்ட் இரண்டு குள்ளர்களிடம் தொழில் கற்றது இந்த மலையில்தான் என்று சொல்லிக்கொள்வோரும் உண்டு. பால்வேயில் கூட்டம் கூடுவதால் பெரிய கெடுதல் இல்லை. வாய் அகலம், காற்று தடையின்றி வந்து போகிறது, கூரையில் வளர்ந்துகொண்டிருக்கும் விழுதுகளும் இல்லை. வேதியியல் நோக்கில் அது ஓய்ந்துபோன குகை.

போஸ்தொய்னா அப்படியல்ல. அது இன்னும் வளர்கிறது.

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிட்ட கரியமில வாயுவை வாங்கிக்கொள்கிறது. வாயு கரைந்த நீர் மெல்லிய அமிலமாகிறது. கீழேயுள்ள சுண்ணாம்புப் பாறையின் இடுக்குகளில் புகுந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துத் தன்னோடு எடுத்து வருகிறது. குகையின் கூரையில் ஒரு சொட்டாகத் தொங்கும் நேரத்தில்தான் அந்த நீர் திறந்த காற்றைச் சந்திக்கிறது. குகைக் காற்றில் கரியமில வாயு மண்ணுக்குள் இருந்ததைவிடக் குறைவு. ஆகவே மூடி திறந்த சோடா பாட்டிலில் நடப்பதுபோல வாயு நீரைவிட்டு வெளியேறுகிறது. வாயு போனால் நீருக்குச் சுண்ணாம்பைத் தாங்கும் சக்தி இல்லை. ஒரு மெல்லிய படலமாக அதைக் கூரையில் விட்டுவிட்டுச் சொட்டு விழுகிறது. விழுந்த இடத்திலும் மிச்சத்தை விடுகிறது. மேலே விழுது, கீழே கல்முளை. இரண்டும் எட்டித் தொட்டுக்கொண்டால் தூண். வேகம் குகைக்குக் குகை மாறும். நூறு ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்பது கெட்டிக்கார வளர்ச்சி. போஸ்தொய்னாவில் பிரிலியன்ட் என்று பெயர் வைத்திருக்கும் பளிங்கு வெள்ளைக் கல்முளை 5 மீட்டர் உயரம் நிற்கிறது.

இந்த வேலை முழுவதும் தொங்குவது ஒரே ஒரு ஏற்றத்தாழ்வில்: நீரில் கரியமில வாயு அதிகம், காற்றில் குறைவு. திருவிழாக் கூட்டம் வந்து கைவைப்பது சரியாக அந்த இடத்தில்தான்.

தாளில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், 20 மீட்டர் உயரமுள்ள ஒரு கூடம். கொள்ளளவு 60,000 கன மீட்டர். அதில் 2,000 பேர் நிற்கிறார்கள். சும்மா நிற்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 20 லிட்டர் கரியமில வாயு வெளிவிடுகிறார். 2,000 பேருக்கு 40 கன மீட்டர். காற்று வெளியேறாவிட்டால் ஒரு மணி நேரத்தில் கூடத்தின் காற்றில் பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 670 பங்கு கூடிவிடும். வெளிக்காற்றில் மொத்தமே பத்து லட்சத்துக்கு 420-சொச்சம் பங்குதான் இருக்கிறது. அதாவது ஒரு மணி நேரத்தில், வெளி வானத்தில் உள்ளதைவிட அதிகமான அளவு புதிதாகச் சேர்ந்துவிட்டது. நின்றவர்கள் ஆட ஆரம்பித்தால் மூச்சு மூன்று மடங்காகும். இரண்டு மணி நேர ஆட்டத்துக்குப் பத்து லட்சத்துக்கு 4,000 பங்கு. மனிதருக்குத் தலை கனக்கத் தொடங்கலாம். விழுதுக்கோ வளர்ச்சி நின்றுபோகலாம்.

கணக்கு இதோடு முடியவில்லை. ஒவ்வோர் உடலும் ஓய்விலேயே சுமார் 100 வாட் வெப்பம் விடுகிறது. 2,000 பேருக்கு 200 கிலோவாட். அறையைச் சூடாக்கும் இரண்டு கிலோவாட் ஹீட்டர் நூறை ஒரே நேரத்தில் போட்டதற்குச் சமம். மூச்சிலும் தோலிலும் வெளியேறும் நீராவி எல்லோருக்கும் சேர்த்து மணிக்கு 80 முதல் 100 லிட்டர். குகைக் காற்றோ ஏற்கெனவே ஈரம் நிரம்பியது, கூடுதலாக வாங்கிக்கொள்ள அதற்கு இடமில்லை. ஆகவே இந்த நீராவி போய்க் குளிர்ந்த கூரையில் பனித்துளியாக ஒட்டுகிறது. அதில் சுண்ணாம்பு இல்லை, ஆனால் கூட்டம் விட்ட கரியமில வாயு கரைகிறது. விளைவு, பாறையைக் கரைக்கும் பசியோடு ஒரு மெல்லிய அமிலப் படலம். கட்டும் வேலை நடந்த அதே கூரையில் இப்போது இடிக்கும் வேலை நடக்கிறது.

இது கற்பனைப் பயமல்ல. பிரான்சின் லாஸ்கோ குகை 1940இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஏறத்தாழ 17,000 ஆண்டு பழைய காளைகளும் குதிரைகளும் அதன் சுவர்களில் வண்ணம் மங்காமல் இருந்தன. 1948இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். சில ஆண்டுகளில் நாளொன்றுக்கு 1,200 பேர் வரை வந்தார்கள். 1955 வாக்கிலேயே சேதம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. பிறகு விளக்கொளியில் வளர்ந்த பாசி சுவரில் பச்சையாகப் படர்ந்தது, அதைப் பச்சை நோய் என்றார்கள். சுண்ணாம்புப் படிகம் ஓவியங்களின் மேல் வெள்ளையாகப் பூத்தது, அது வெள்ளை நோய். 1963இல் குகையை மூடினார்கள். பனியுகம் முடிந்து இத்தனை ஆயிரம் ஆண்டு தாங்கிய ஓவியங்களுக்கு, பதினைந்து ஆண்டுச் சுற்றுலா போதுமாக இருந்தது. அங்கே யாரும் மேளம் கொட்டவில்லை, ஆடவில்லை. வந்து நின்று வியந்து மூச்சுவிட்டார்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் போஸ்தொய்னாவில் கூட்டம் கூடலாமா? டிசம்பரில் கூடலாம் என்பது என் எண்ணம். காரணத்தைக் குகையின் காற்றோட்டம் சொல்கிறது. ஒரு குகைக்கு வெவ்வேறு உயரங்களில் இரண்டு மூன்று வாய்களோ வெடிப்புகளோ இருந்தால் அது புகைபோக்கியாக வேலை செய்கிறது. குளிர்காலத்தில் உள்ளேயுள்ள 10 டிகிரி காற்று வெளிக்காற்றைவிட வெதுவெதுப்பானது, இலேசானது. அது மேலேயுள்ள வெடிப்புகள் வழியாக ஏறி வெளியேற, கீழ்வாய் வழியாகப் புதுக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. கோடையில் நிலைமை தலைகீழ்: உள்காற்று குளிர்ந்து கனத்துத் தேங்குகிறது, ஓட்டம் தளர்கிறது, சில இடங்களில் திசையும் திரும்புகிறது. குகை ஆய்வாளர்கள் இதைக் குகையின் மூச்சு என்றே சொல்கிறார்கள். போஸ்தொய்னாவின் காற்றைப் பல ஆண்டுகளாக அளந்து வருகிறார்கள். கரியமில வாயுவும் ரேடான் வாயுவும் கோடையில் ஏறி, குளிர்காலத்தில் இறங்குகின்றன. கிறிஸ்துமஸ் காலத்துக் கூட்டம், குகை நன்றாக மூச்சுவிடும் பருவத்தில் வருகிறது.

ஆனால் 19ஆம் நூற்றாண்டில் அங்கே நடந்த பெரிய கொண்டாட்டம் கிறிஸ்துமஸ் அல்ல. பெந்தெகொஸ்தே திங்கட்கிழமை, அதாவது மே அல்லது ஜூன் மாதத்தில், ஊரே குகைக்குள் இறங்கி இசைக்குழு வைத்து ஆடியது. அதற்கென்றே ஒரு கூடத்துக்கு நடன மண்டபம் என்று பேர். லூக்கா செச் என்ற உள்ளூர்க்காரர் 1818இல் குகையின் உட்பகுதிக்கு வழி கண்டுபிடித்த பிறகு தொடங்கிய கோலாகலம் அது. தண்டவாளம் 1872இல் வந்தது, மின்விளக்கு 1884இல் வந்தது. அதற்கு முன்பெல்லாம் வெளிச்சத்துக்குத் தீப்பந்தமும் மெழுகுவத்தியும்தான். காற்று தளரத் தொடங்கும் பருவத்தில், நெருப்போடு, ஆட்டத்தோடு ஒரு கூட்டம். மகிழ்ச்சியாகத்தான் இருந்திருக்கும். அதன் கரி இன்னும் எந்தெந்தப் படிகத்துக்குள் அடைபட்டுக் கிடக்கிறதோ.

ரேடானைப் பற்றி ஒரு வார்த்தை. பாறையிலுள்ள யுரேனியம் சிதைந்து சிதைந்து வந்து பிறக்கும் கதிரியக்க வாயு அது, 3.8 நாளில் பாதியாகிவிடும். இரண்டு மணி நேரம் வந்துபோகிறவருக்கு அதனால் கவலைப்பட ஒன்றுமில்லை. நாள் முழுதும், ஆண்டு முழுதும் உள்ளே நிற்கும் வழிகாட்டிகளுக்கும் கலைஞர்களுக்கும்தான் கணக்குப் பார்க்க வேண்டும். திருவிழாவில் தேவதை வேடம் போடுகிறவர் தினமும் மூன்று காட்சி ஒரு மாதம் நடித்தால், அவரும் அந்தக் கணக்கில் வந்துவிடுவார்.

தீப்பந்தத்தைப் பற்றிப் பேசும்போது புகைபோக்கியை மறக்கக்கூடாது. மாயக்கதை என்றாலே பந்தம் வேண்டும் என்று நினைக்கிறவர்கள் ஆஸ்திரியாவின் காப்ருன் விபத்தைப் படிக்க வேண்டும். 2000 நவம்பரில் மலைச் சுரங்கத்தில் மேலேறிக்கொண்டிருந்த பனிச்சறுக்கு ரயிலின் பின்பக்கத்தில் தீப்பிடித்தது. சரிந்த சுரங்கம் புகைபோக்கியாக மாறிப் புகையை மேலே இழுத்தது. நெருப்பைவிட்டு விலகி மேல்நோக்கி ஓடியவர்களைப் புகை முந்தியது. 155 பேர் இறந்தார்கள். பிழைத்த 12 பேர் நெருப்பைக் கடந்து கீழ்நோக்கி ஓடியவர்கள். குகைத் திருவிழாவில் நெருப்பு எந்த வடிவிலும் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம். போஸ்தொய்னாவே ஒரு பெருந்தீயைப் பார்த்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படை குகையின் முன்பகுதியில் எரிபொருளைச் சேமித்து வைத்திருந்தது. 1944 ஏப்ரலில் யூகோஸ்லாவிய விடுதலைப் போராளிகள் உள்ளே புகுந்து அதைக் கொளுத்தினார்கள். ஏழு நாள் எரிந்தது. நுழைவாயிலை அடுத்த சுவர்கள் இன்றும் கருப்பு.

நெருப்பு இல்லையென்றால் மின்விளக்கு. அதிலும் சிக்கல் உண்டு, ஆனால் தீர்வும் உண்டு. ஒளி படாத இடத்தில் விளக்கு எரிந்தால், வருகிறவர்களின் செருப்பிலும் காற்றிலும் வந்த வித்துக்கள் அதைச் சுற்றி முளைக்கின்றன. முதலில் பாசி, அப்புறம் சிறு பெரணி. உலகெங்கும் சுற்றுலாக் குகைகளில் விளக்கடியில் மட்டும் பச்சைத் திட்டு இருப்பதைக் காணலாம். விளக்குப்பயிர் என்று அதற்குப் பெயர் வைக்கலாம். பச்சையம் நீல ஒளியையும் சிவப்பொளியையும் விரும்பி உண்ணும். மஞ்சள் ஒளி அதற்குப் பிடிக்காத உணவு. ஆகவே மேடை ஒளியமைப்பாளர் நீலமும் ஊதாவுமாகக் கூரையை நனைக்க ஆசைப்பட்டால் தடுக்க வேண்டும். தேன் நிற எல்இடி விளக்கு, காட்சி நடக்கும் நிமிடங்களுக்கு மட்டும், சுவரிலிருந்து தள்ளி: இதுதான் சரி. கல் விழுதுக்கும் அந்த நிறமே பொருத்தம் என்பது என் கண்ணின் தீர்ப்பு.

ஒலி விஷயத்தில் குகை தானே விதியெழுதுகிறது. 1890களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபீன், ஓர் அறையில் எழுந்த ஓசை எவ்வளவு நேரம் தேயாமல் நிற்கும் என்பதற்குச் சூத்திரம் கண்டார். கொள்ளளவு கூடினால் நேரம் கூடும்; ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடினால் நேரம் குறையும். நம்முடைய 60,000 கன மீட்டர் கூடத்தில் வெறும் சுண்ணாம்புச் சுவர் தன்மேல் விழும் ஒலியில் நூற்றில் மூன்று பங்கை உறிஞ்சுகிறது என்று வைத்துக்கொண்டால், கைதட்டு ஒன்று 30 நொடி வரை நிற்க வேண்டும். உண்மைக் குகையில் பக்கவழிகள் ஒலியை விழுங்கிவிடும், அவ்வளவு வராது. ஆனால் அதே கூடத்தில் 2,000 பேரை நிறுத்திக் கணக்கிட்டால் நேரம் ஏழு நொடிக்கு இறங்கிவிடுகிறது! உடையும் உடலும் அப்படி ஒலியைக் குடிக்கின்றன. ஒத்திகையில் கேட்ட குகை வேறு, விழாவன்று கேட்கும் குகை வேறு.

ஏழு நொடியும் அதிகம்தான். நல்ல இசையரங்கில் இரண்டு நொடி, பேச்சரங்கில் ஒரு நொடி என்பது வழக்கம். வேகத் தாளம் வாசித்தால் ஒவ்வோர் அடியும் முந்தைய அடிகளின் மிச்சத்தில் மூழ்கிக் குழைந்துவிடும். நீண்ட சுரங்களைப் பிடித்து மெதுவாகப் பாடும் குழுப்பாட்டு, குழல், கொம்பு ஆகியவை அங்கே பொலியும். ஒலிபெருக்கியைக் கூட்டினால் தெளிவு வராது, கூச்சல்தான் வரும். தடித்த அடிநாதப் பெட்டிகளை விழுதுகள் உள்ள கூடத்தில் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். விரல்கனம்கூட இல்லாத உள்ளீடற்ற குழல்விழுதுகள் அங்கே ஆயிரக்கணக்கில் தொங்குகின்றன. ஒன்று முறிந்தால் அதன் இடத்தில் இன்னொன்று வர நம் பேரப்பிள்ளைகளின் காலமும் போதாது.

இனி, அந்த மண்டபத்தின் சொந்தக்காரர்கள். 1689இல் யோஹான் வைகார்ட் வால்வசோர் என்ற அறிஞர், இன்றைய ஸ்லொவேனியாவில் அடங்கும் தம் நாடான கார்னியோலாவைப் பற்றி ஒரு பெருநூல் எழுதினார். கனமழைக்குப் பின் ஊற்றுகளில் பாம்பு போன்ற வெளிறிய சிறு பிராணி அடித்துவரப்படுவதையும், மலைக்குள் வாழும் டிராகனின் குஞ்சு அது என்று மக்கள் நம்புவதையும் அதில் குறித்தார். மக்கள் பார்த்தது உண்மை. அது ஓல்ம் என்னும் குகை நீர்வாழ் உயிர். தவளைக்குத் தூரத்து உறவு. 1768இல் லாரென்டி என்ற இயற்கையியலாளர் அதற்குப் புரோட்டியஸ் என்று அறிவியல் பெயர் வைத்தார். ஒரு சாண் நீளம், மனிதத் தோலின் இளஞ்சிவப்பு, தலையோரம் சிவந்த செவுள் கொத்து. கண்ணைத் தோல் மூடிவிட்டது. மோப்பத்தாலும், நீரில் பரவும் அதிர்வாலும், மெல்லிய மின்புலத்தாலும் உலகை அறிகிறது. ஆண்டுக்கணக்கில் உண்ணாமல் இருக்கும், நூறு ஆண்டு வரை வாழக்கூடும். ஹெர்செகொவினாவின் குகைகளில் இவற்றை அடையாளமிட்டுக் கவனித்த ஆய்வாளர்கள், ஒன்று 2,569 நாள் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை என்று 2020இல் எழுதினார்கள். 2016இல் போஸ்தொய்னாவின் காட்சித்தொட்டியில் ஒன்று 60-க்கு மேல் முட்டையிட்டு, அவற்றில் இருபதுக்கு மேற்பட்டவை பொரித்தபோது, டிராகன் குஞ்சுகள் என்றுதான் உலகச் செய்திகள் கொண்டாடின.

ஏழு ஆண்டு அசையாமல் இருக்கும் உயிரின் நீரில், ஒரே மாலையில் ஆயிரம் கால்களின் அதிர்வைச் சேர்ப்பது என்ன செய்யும் என்பதை நான் யோசிக்காமல் இருக்க முடியவில்லை. ஆட்டம் உலர்ந்த மேல்தளக் கூடத்தோடு நிற்க வேண்டும், பிவ்கா ஆறு ஓடும் கீழ்த்தளத்தை எட்டக்கூடாது.

வௌவால்களின் கதை இன்னும் அவசரமானது. குளிர்நாட்டு வௌவால்கள் பனிக்காலம் முழுதும் குகையில் உறங்குகின்றன. உடல் வெப்பம் குகையின் வெப்பத்துக்கு இறங்கி, இதயத்துடிப்பு நிமிடத்துக்குச் சில பத்தாகக் குறைகிறது. இலையுதிர்காலத்தில் சேர்த்த கொழுப்பு வசந்தம் வரை போதுமளவுதான். வெளிச்சமோ சத்தமோ ஒருமுறை எழுப்பினால், உடலைச் சூடாக்குவதிலேயே பல நாள் கொழுப்பு தீர்ந்துவிடும். அடிக்கடி எழுப்பினால் பனிக்காலம் முடியுமுன் பட்டினிச் சாவு. இங்கேதான் சங்கடம்: கல்லுக்கு நல்ல பருவமான குளிர்காலம் வௌவாலுக்குக் கெட்ட பருவம். ஆகவே வௌவால் உறங்கும் குகை என்றால் குளிர்கால விழாவே கூடாது. வேறு குகை பார்க்க வேண்டும். 2006இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலக் குகை ஒன்றில் மூக்கு வெளுத்த வௌவால்களை முதலில் படமெடுத்தார்கள். குளிரில் வளரும் ஒரு பூஞ்சை உறங்கும் வௌவால்களை மீண்டும் மீண்டும் எழுப்பிக் கொல்கிறது. அதற்குப் பிறகு வட அமெரிக்காவில் பல லட்சம் வௌவால்கள் மடிந்தன. யூரேசியாவிலிருந்து அந்தப் பூஞ்சை மனிதரின் காலணியிலோ கருவியிலோ வந்திருக்கலாம் என்பது வலுவான ஊகம். ஒரு குகையில் அணிந்த பூட்ஸை அடுத்த குகைக்குக் கழுவாமல் கொண்டுபோகக்கூடாது என்ற விதி அதிலிருந்து பிறந்தது. ஊர் ஊராகப் போகும் கலைக்குழுக்கள் இந்த விதியை மனப்பாடம் செய்ய வேண்டும்.

குகைக்குள் பெருங்கூட்டம் என்றால் தமிழருக்கு உடனே நினைவு வருவது மலேசியாவின் பத்துமலை. அது கற்பனை விழாவல்ல, பக்தி விழா. 1890களின் தொடக்கத்திலிருந்து தைப்பூசம் நடக்கிறது. காவடியோடு 272 படியேறிப் பல லட்சம் பேர் போகிறார்கள். அங்கே கல் ஏன் தாங்குகிறது? பெரிய கோயில் குகையின் உயரம் சுமார் 100 மீட்டர், வாய் அகலம், கூரையிலும் திறப்பு இருப்பதால் வெயிலும் மழையும் உள்ளே விழுகின்றன. லட்சம் பேரின் மூச்சும் அப்படியே மேலேறிப் போய்விடுகிறது. ஆனால் அதே மலையின் பக்கவாட்டில் இருட்டுக் குகை என்றொரு கிளை இருக்கிறது. சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளம், வெளிச்சமே இல்லை. லிஃபிஸ்டியஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த மிகப் பழமையான கதவுச்சிலந்தி அங்கே வாழ்கிறது. மலேசியக் குகைகளில் கூடும் தேனுண்ணும் வௌவால்கள்தான் இரவில் பறந்து துரியன் பூக்களுக்கு மகரந்தம் சேர்ப்பவை. ஒரே மலை, ஒரே கல். ஒரு கிளை லட்சம் பேரைத் தாங்கும், அடுத்த கிளை நூறு பேரைத் தாங்காது. குகைக்குப் பொதுவான அனுமதி எண்ணிக்கை என்று ஒன்று கிடையாது என்பதற்குப் பத்துமலையே போதும்.

விழா முடிந்த மறுநாளைப் பற்றி அதிகம் யாரும் பேசுவதில்லை. அமெரிக்காவின் கார்ல்ஸ்பாட் குகையில் தன்னார்வலர்கள் தூரிகையும் இடுக்கியுமாக மண்டியிட்டுத் துணிப்பிசிறு பொறுக்குகிறார்கள். சாதாரணச் சட்டையிலிருந்தும் தலைமுடியிலிருந்தும் உதிர்ந்த பிசிறு அது. பாதையோரம் சாம்பல் நிறமாகப் படிந்து, பாறையின் ஈரத்தை உறிஞ்சி, பூச்சிக்கும் பூஞ்சைக்கும் உணவாகிறது. குகையின் நுண்ணுயிர்கள் ஏறக்குறையப் பட்டினியிலேயே வாழப் பழகியவை. 2024இல் அதே குகையில் ஒருவர் விட்டுப்போன சோளத் தின்பண்டப் பொட்டலம் ஈரத்தில் இளகி, பூஞ்சைக் காடாகி, குகைப் பூச்சிகளைக் கூட்டிவிட்டது. பூஞ்சைச் சரம் பக்கத்துப் பாறைகளுக்கும் பரவியது. ஒரு பொட்டலத்துக்கே இப்படியென்றால், இறகுச் சிறகும் கம்பளி மேலங்கியும் ஜிகினாத் தூளுமாக ஆயிரம் பேர் வரும் விழாவுக்கு? ஜிகினாவை வாசலிலேயே தடுக்க வேண்டும். இறகுக்குப் பதில் உதிராத துணி. புகைப்பொறி வேண்டாம், அதன் படிவும் நுண்ணுயிருக்குத் தீனி. உணவு முழுக்க வெளியே. துப்புரவுச் செலவு நுழைவுச்சீட்டிலேயே அடங்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன்.

இத்தனை கட்டுப்பாடும் வேண்டாம், மனம்போல ஆட வேண்டும், கொம்பூத வேண்டும் என்கிறவர்களுக்கு மனிதர் குடைந்த சுரங்கங்கள் இருக்கின்றன. போலந்தின் வியெலிச்கா உப்புச் சுரங்கத்தில், தரைக்குக் கீழே 101 மீட்டர் ஆழத்தில், தேவாலயம் ஒன்றை முழுக்க உப்பிலேயே செதுக்கியிருக்கிறார்கள். சரவிளக்கின் படிகங்கள்கூட உப்பு. அங்கே எதிரி கரியமில வாயுவல்ல, ஈரம். சிற்பங்களை ஈரம் கரைத்ததால் 1989இல் யுனெஸ்கோ அதை ஆபத்திலுள்ள பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. காற்றை உலர்த்தும் ஏற்பாடுகள் வந்த பிறகு 1998இல் பட்டியலிலிருந்து நீக்கியது. எந்திரம் வைத்துத் தீர்க்கக்கூடிய நோய் அது. உயிருள்ள சுண்ணாம்புக் குகையில் அப்படிக் காற்றை உலர்த்தினால் விழுதே செத்துவிடும்.

ருமேனியாவின் துர்தா உப்புச் சுரங்கம் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. குடைந்தெடுத்த பிரம்மாண்டமான கூடத்துக்குள் ராட்டினம் சுற்றுகிறது, அடியிலுள்ள உப்பேரியில் படகு ஓடுகிறது. மாயக்கதைத் திருவிழாவுக்கு அந்த இடத்தைவிட நல்ல மேடை எனக்குத் தெரியவில்லை. வௌவால் உறக்கத்தைக் கெடுக்கும் பயமில்லை, டிராகன் குஞ்சுகளும் இல்லை. அங்கேயும் கூரையோரம் விழுது தொங்குகிறது, உப்பு விழுது. அது ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் வளர்கிறது. போதுமான நீளம் வந்ததும் தன் கனத்தாலேயே முறிந்து விழ, அதே இடத்தில் அடுத்தது தொடங்கிவிடுகிறது.